பல்லில் கறை: தண்ணீரா, புகையா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கெலமங்கலம் பக்கம் பல் பழுப்பேறியிருந்தால், பழியைத் தண்ணீர் மேல் போடுவது எளிது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மைதான். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால் எல்லாக் கறையும் ஃபுளோரைடால் வந்ததல்ல; புகைபிடிப்பதாலும் கறை படியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபுளோரைடு கறை, சிறுவயதில் ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலில் பதிவது. வெண்திட்டாகவோ பழுப்புக் கோடாகவோ இருபுறப் பற்களிலும் ஒரே மாதிரி தெரியும். புகைக்கறை, பின்னாளில் பல்மேல் படியும் தார். கீழ் முன்பற்களின் உட்புறத்தைக் கண்ணாடியில் பாருங்கள். ஈறை ஒட்டிக் கரும்பழுப்பாக அப்பியிருக்கும்.

புகையின் பாதிப்பு கறையோடு ஏன் நிற்பதில்லை?

புகையிலையில் உள்ள நிகோடின் ஈறின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களும் சரியாக வேலை செய்வதில்லை. ஈறு நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் கசியாது. அதனால் நோய் வெளியே தெரியாமலேயே பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கிறது. பல் ஆடும்போதுதான் விஷயம் புரியும். கரைந்த எலும்பு தானாக வளராது.

புகையை விட்ட புதிதில் ஈறில் ரத்தம் கசியலாம். பயந்து மீண்டும் பற்றவைக்காதீர்கள். பல் மருத்துவரிடம் காட்டுங்கள். விட உதவி வேண்டுமா? 1800 112 356 என்ற இலவச தேசிய எண்ணை அழையுங்கள்.