நாளுக்கு ஓர் ஏடு

உடலை ஓம்புவதற்கு நாள்தோறும் உணவு கொள்கிறோம். நேற்று வயிறார உண்டோம் என்பதற்காக இன்று எவரும் பட்டினி கிடப்பதில்லை. ஆயின், உள்ளத்திற்கு உணவளிப்பதில் நாம் இம்முறையைக் கைக்கொள்வதில்லை. நல்ல நூல் ஒன்றை ஒருமுறை படித்து முடித்தால், அது வாழ்நாள் முழுமைக்கும் போதும் என எண்ணி அலமாரியில் வைத்துவிடுகிறோம். அவ்வாறு எண்ணாத பெரியார் ஒருவர் ருஷிய நாட்டில் வாழ்ந்தார். 'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' முதலிய பெருநாவல்களை இயற்றிய லியோ டால்ஸ்டாய் என்பவரே அவர். தம் முதுமையில் அந்நாவல்களினும் மேலாக அவர் மதித்தது, நாளுக்கு ஒரு பகுதியாகத் தாம் தொகுத்த அறிவுரை நூலையே ஆகும்.

1903-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் டால்ஸ்டாய் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். அப்போது அவருக்கு வயது 74. அவருடைய அறையில் நாள்தோறும் தாள் கிழிக்கும் நாட்காட்டி ஒன்று இருந்தது. ஒவ்வொரு தாளிலும் சான்றோர் ஒருவரின் பொன்மொழி அச்சிடப்பட்டிருந்தது. எழுந்து நடமாட இயலாத நிலையில், அன்றன்றைய மொழியைப் படித்து அதனையே சிந்தித்திருப்பது அவருக்கு ஆறுதலாயிற்று. இத்தகைய நூல் ஒன்றைத் தாமே தொகுத்தால் என்ன என்னும் எண்ணம் அவருள் வலுப்பெற்றது.

வலுப்பெற்றது என்று கூறினோமே அன்றித் தோன்றியது என்று கூறவில்லை. ஏனெனில், அவ்வெண்ணத்தின் வித்து 1884-ஆம் ஆண்டிலேயே அவருடைய நாட்குறிப்பில் காணப்படுகிறது. புதிய ஏற்பாடு, புத்தர், லாவோட்சு, எபிக்டீட்டசு, மார்க்கசு அரேலியசு, பாசுகல் ஆகியோரின் மொழிகளைத் தமக்கென ஒரு வட்டமாக வகுத்துக்கொள்ள வேண்டும் என்றும், அது தமக்கு மட்டுமன்றி எல்லோர்க்கும் தேவையானது என்றும் அவர் அதில் எழுதியிருந்தார். வித்து முளைப்பதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் சென்றன!

அவருக்கு இத்தேவை எவ்வாறு எழுந்தது? ஐம்பது வயதை நெருங்கியபோது புகழ், செல்வம், மக்கட்பேறு ஆகிய யாவும் அவரிடம் நிறைந்திருந்தன. ஆயினும், 'எதற்காக வாழ்கிறேன்?' என்னும் வினா அவரை அல்லும் பகலும் வருத்தியது. கற்றோர் நூல்களில் விடை கிட்டவில்லை. எழுத்தறியாத குடியானவர்கள் இறைவன்மேல் நம்பிக்கை வைத்து, வறுமையையும் சாவையும் கலங்காமல் ஏற்பதை அவர் கண்டார். பின்னர் நற்செய்தி நூல்களைக் கிரேக்க மொழியிலேயே ஆராய்ந்தார். இயேசுபிரான் மலைமீது நிகழ்த்திய அறவுரை அவருடைய நெஞ்சைக் கவர்ந்தது. தீமையைத் தீமையால் எதிர்க்கலாகாது, பகைவனிடத்தும் அன்பு செலுத்த வேண்டும் என்னும் அறங்களே கிறித்துவத்தின் உயிர் என அவர் கொண்டார். சடங்குகளையும் திருச்சபையின் கொள்கைகள் பலவற்றையும் அவர் ஏற்க மறுத்தமையால், 1901-இல் ருஷியத் திருச்சபை அவரைத் தன் உறுப்பினர் அல்லர் என அறிவித்தது. அவ்வழக்கில் நீதி எவர் பக்கம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. அவர் நாள்தோறும் கிறித்துவின் மொழியை நாடியே வாழ்ந்தார் என்பது மட்டும் ஐயத்திற்கு இடமின்றி விளங்குகிறது.

1903-இல் சிறுநூலாக வெளிவந்த தொகுப்பு, மேலும் விரிந்து 1906-இல் 'வாசிப்பு வட்டம்' என்னும் பெயருடன் வெளியாயிற்று. ஆண்டு முடிந்ததும் படிப்பவர் மீண்டும் முதல் நாளுக்கே திரும்புவதால், வட்டம் என்னும் பெயர் பொருத்தமானதே. சினம், உழைப்பு, செல்வம், நாவடக்கம், சாவு என நாளுக்கு ஒரு பொருள் பேசப்படும். அப்பொருள் பற்றி நற்செய்தி நூலின் வாக்கியம் ஓரிடத்திலும், கன்பூசியசின் கருத்து ஓரிடத்திலும், யூதரின் தால்முத் நூலின் மொழி மற்றோரிடத்திலும் வரும். அடிமையாய் இருந்த எபிக்டீட்டசும் உரோமப் பேரரசரான மார்க்கசு அரேலியசும் அங்கே அருகருகே அமர்ந்திருப்பதைக் காணலாம். அரண்மனையில் நிகழாத சமபந்தி நூலில் நிகழ்கிறது! வார இறுதிதோறும் சற்று நீண்ட கதையோ கட்டுரையோ இடம்பெறும். செகாவ் எழுதிய சிறுகதை ஒன்றும் அவற்றுள் உண்டு.

பிறர் மொழிகளைத் தொகுக்கும்போது டால்ஸ்டாய் அவற்றை அப்படியே பெயர்த்து எழுதவில்லை. சுருக்கினார், எளிமையாக்கினார், சில இடங்களில் மாற்றியும் அமைத்தார். இதனை முன்னுரையில் அவரே ஒளிவுமறைவின்றிக் கூறியுள்ளார். ஆராய்ச்சியாளர் இதனைக் குறையெனக் கருதலாம். வயலில் உழைத்துத் திரும்பும் ஒருவன் விளக்கொளியில் படித்துணர வேண்டும் என்பதே அவர் நோக்கமாதலின், நாம் அதனைப் பெருங்குறையாகக் கொள்ள வேண்டுவதில்லை.

பிற நாட்டு அறிவைத் தேடிய அவருடைய பார்வை நம் தமிழ்மறையையும் எட்டியது. 1908-இல் தாரக்நாத் தாசு என்னும் இந்திய இளைஞர்க்கு அவர் எழுதிய நெடுமடலில், திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரக் கருத்துகளை எடுத்துக் காட்டியுள்ளார். மலைப்பொழிவில் தாம் கண்ட அறத்தையே வள்ளுவரிடத்தும் கண்டு அவர் மகிழ்ந்தார் போலும். தென்னாப்பிரிக்காவில் அறப்போர் நடத்திவந்த காந்தியடிகள் அம்மடலைப் படித்து, 1909-இல் அவர் இசைவு பெற்றுக் குசராத்தியில் மொழிபெயர்த்தார்.

தொகுத்த நூலைப் பிறர்க்கு வழங்கிவிட்டு டால்ஸ்டாய் ஓய்ந்துவிடவில்லை. அன்றன்றைய பகுதியை நாள்தோறும் தாமும் படித்துவந்தார். படிப்பது எளிது, படித்தவண்ணம் நிற்பது எளிதன்று. எளிமையை வற்புறுத்திய அவர் பண்ணை மாளிகையில் வாழ்ந்தார். நில உடைமையைத் துறந்து, அதனை மனைவி மக்களுக்கு முன்னரே எழுதிக் கொடுத்துவிட்டார் எனினும், ஏவலர் பரிமாறும் உணவையே உண்டார். தம் சொல்லுக்கும் வாழ்வுக்கும் இடையே உள்ள தொலைவு அவரை ஓயாது உறுத்தியது. நூல்களின் உரிமை பற்றி இல்லத்தில் பிணக்கும் வளர்ந்தது. அன்பைப் பற்றிய பகுதியைக் காலையில் படித்துவிட்டு, மாலையில் மனைவியாரின் கண்ணீரைக் காண நேர்ந்த நாள்கள் பல இருந்திருக்கும்.

1910-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள், பொழுது புலருமுன், 82 வயதுடைய அம்முதியவர் மருத்துவர் ஒருவரை உடன்கொண்டு இல்லத்தைவிட்டு வெளியேறினார். இரயில் பயணத்தில் அவருக்கு நுரையீரல் காய்ச்சல் கண்டது. அசுத்தாபோவோ என்னும் சிறு நிலையத்தில் இறக்கப்பட்டு, நிலையத் தலைவரின் வீட்டில் நவம்பர் 20-ஆம் நாள் உயிர் நீத்தார். அவ்வாண்டு முழுவதும் அவர் நாட்பகுதிகளை மேலும் எளிமையாக்கி, 'வாழ்க்கை வழி' என்னும் பெயரில் சிறு சிறு பகுதிகளாக அமைத்துவந்தார். அவற்றின் அச்சுப்படிகளைத் திருத்தும் பணி முழுதும் முடிவதற்குள் அவர் வீட்டைவிட்டுச் சென்றுவிட்டார். நூல் 1911-இல் வெளிவந்தது.