25 கிராம் டிப் 30 ரூபாயா? ஜாம்பஜார் கணக்குல ஒரு பார்ட்டி

ஃபுட் ஆப்ல ஏதாவது ஆர்டர் பண்ணும்போது கடைசில ஒரு சின்ன கப் வந்து நிக்கும், கவனிச்சிருப்பீங்க. "கூட ஒரு டிப் சேர்த்துக்கலாமே?" 25 கிராம், 30 ரூபாய்னு வச்சுக்கலாம். முப்பது ரூபாய்தானேன்னு தட்டிடுவோம். இப்போ அதை கிலோவுக்கு மாத்திப் பாருங்க: 1,200 ரூபாய். நல்ல முந்திரிப் பருப்பே ஏறக்குறைய அந்த விலைதான். கப்புக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் எண்ணெய், தண்ணி, கொஞ்சம் பூண்டு.

சின்ன அளவுல விக்கிற எந்தப் பொருளுக்கும் இந்தக் கணக்கைப் போடுங்க. பாக்கெட்ல வர்ற பொருளா இருந்தா உங்க வேலை இன்னும் சுலபம். எம்ஆர்பி-க்குப் பக்கத்துலயே ஒரு கிராமுக்கு எவ்வளவுன்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. அதை 1,000-ஆல பெருக்கினா கிலோ விலை வந்துடும். இன்னொண்ணு, லேபிள்ல சேர்மானங்களை எடை அதிகமா இருக்கிறதுல இருந்து வரிசையாத்தான் எழுதணும். ஹம்மஸ் டப்பாவுல கொண்டைக்கடலைக்கு அடுத்து தண்ணி இருந்தா, நீங்க தண்ணிக்கும் காசு கொடுக்குறீங்க.

சரி, ஒரு கப் டிப்பை விட்டுட்டா பணக்காரன் ஆயிடுவோமா? மாட்டோம். அந்த மாதிரி வீடியோ நாங்க போடுறதும் இல்ல. டிப்புக்குப் போற காசு சின்னதுதான். அதோட ஒட்டிக்கிட்டுப் போற காசுதான் பெருசு. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வர்றீங்க, பசி. ஃப்ரிட்ஜைத் திறந்தா தண்ணி பாட்டில். உடனே ஃபோன். சாண்ட்விச் 110 ரூபாய், இலவச டெலிவரிக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கணுமேன்னு ரெண்டு டிப், பேக்கிங் சார்ஜ். எல்லாம் சேர்ந்து 180. வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா 360 ரூபாய். வருஷத்துக்கு 18,720. கையில 25,000 சம்பளம் வாங்குறவங்களுக்கு இது ஏறக்குறைய முக்கால் மாசச் சம்பளம். இதே ஃப்ரிட்ஜ்ல ஒரு டப்பா டிப்பும், கூடவே பிரெட்டும் ரெண்டு வெள்ளரிக்காயும் இருந்திருந்தா அந்த ஆர்டரே போயிருக்காது.

திருவல்லிக்கேணியை எடுத்துக்கறதுக்குக் காரணம் இருக்கு. முதல் வேலை கிடைச்சு சென்னைக்கு வர்ற எத்தனையோ பேர் முதல்ல தங்கினது இங்க இருக்கிற மேன்ஷன்கள்லதான். மெஸ் சாப்பாடு, பக்கத்துலயே பீச், நடக்குற தூரத்துல சேப்பாக்கம் ஸ்டேடியம். மேட்ச் நாள்னா ஒரு ரூம்ல எட்டு பேர், ஒரு லேப்டாப். அந்த மாதிரி பேச்சிலர் ரூமும் ஷேரிங் வீடும்தான் இன்னைக்குக் கணக்குக்கு ஆதாரம்.

அது மட்டும் இல்ல, தொட்டுக்கறதைப் பத்தி இந்த ஏரியாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1948-ல தொடங்கின ரத்னா கஃபேல இட்லியை சாம்பார்ல மிதக்க விட்டுத்தான் சாப்பிடுவாங்க. அங்க இட்லி ஒரு சாக்குன்னு சொன்னாக்கூட யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. பிரியாணின்னா தயிர்ப் பச்சடியும் கத்திரிக்காயும் வேணும், நோன்பு மாசத்துல சமோசான்னா புதினாச் சட்னி வேணும். துவையல், தொக்கு, கொத்சு, பச்சடி எல்லாமே டிப்தான். நாம அதை டிப்னு கூப்பிடல, அவ்வளவுதான்.

செய்முறைக்குப் போறதுக்கு முன்னாடி மயோனைஸ். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8-லேர்ந்து ஒரு வருஷத்துக்கு, பச்சை முட்டையில செய்யுற மயோனைஸைத் தயாரிக்கவும் விக்கவும் தடை போட்டுச்சு. தெலங்கானா 2024-லயே போட்டிருந்தது. காரணம் சால்மொனெல்லா மாதிரியான கிருமிகள். முட்டையை வேக வைக்காம எண்ணெயோட அடிச்சு, வெயில்ல கடை வாசல்ல மணிக்கணக்கா வச்சா கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நம்ம சமையலறையிலயும் அதே கிருமிதான், அதே வெயில்தான். அதனால "வீட்டுல நாங்களே பச்சை முட்டை போட்டு மயோ செய்யறோம்"னு இறங்க வேண்டாம். முட்டைக்குப் பதிலா பால் ஊத்தி அடிக்கிற மயோ இருக்கு. ஆனா 100 மில்லி பாலுக்கு 200 மில்லி எண்ணெய் போகும். ஒரு வாட்டி அதை ஊத்துறப்போ பாத்தீங்கன்னா அப்புறம் சாப்பிடத் தோணாது. ஒரு நாள் வயித்தைக் கெடுத்துக்கிட்டு டாக்டர், மருந்து, சம்பளம் இல்லாத லீவுன்னு போனா, இந்தப் பதிவுல சேமிக்கிற மொத்தக் காசும் அதுல கரைஞ்சுடும்.

மயோ இருக்க வேண்டிய இடத்துல கெட்டித் தயிரை வையுங்க. ஒரு கிலோ தயிரை சுத்தமான பருத்தித் துணியில கட்டி, வடிகட்டி மேல வச்சு, கீழ ஒரு பாத்திரத்தோட ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிடுங்க. ராத்திரி வச்சா காலையில கிரீம் மாதிரி இருக்கும், சுமார் 450 கிராம் தேறும். வெளியில தொங்கவிட்டா புளிச்சுடும், அதனால ஃப்ரிட்ஜ்தான். வடிஞ்ச தண்ணியைக் கொட்டாதீங்க, சப்பாத்தி மாவு பிசையலாம். தயிர்ல உப்பு, மிளகுத்தூள், லேசா வதக்கின பூண்டு, பொடியா நறுக்கின புதினா. முடிஞ்சது. தயிர் 80 ரூபாய், மத்தது 15 ரூபாய்னு வச்சா 100 கிராமுக்கு 21 ரூபாய் ஆகுது. இந்தப் பதிவுல இருக்கிற விலை எல்லாம் கணக்குக்கு வச்ச ரவுண்டு விலைதான், உங்க தெருக்கடை விலையைப் போட்டுப் பாத்துக்கோங்க. தயிரை எடுத்தவுடனே பாதியைத் தனியா வச்சு, அதுல ஒரு ஸ்பூன் தக்காளித் தொக்கையோ பூண்டுத் தொக்கையோ கலந்தா ரெண்டாவது டிப் ரெடி. ஊர்லேர்ந்து அம்மா கொடுத்து விட்ட தொக்கு பாட்டில் அலமாரியில தூங்கிட்டு இருந்தா அதுக்கு இதுதான் வழி.

அடுத்தது ஹம்மஸ். இங்கதான் நிறைய பேர் காசை விடுறாங்க. ரெசிபி வீடியோவைப் பாத்துட்டு தஹினி ஒரு பாட்டில், ஆலிவ் ஆயில் ஒரு பாட்டில், ஸ்மோக்டு பாப்ரிகா ஒரு டப்பான்னு கார்ட்ல ஏத்துவாங்க. பில் 900 ரூபாயைத் தொடும். ஒரே ஒரு தடவை ஹம்மஸ் செஞ்சுட்டு மிச்சம் ஃப்ரிட்ஜ் கதவுல ஆறு மாசம் நிக்கும். அது வீட்டுல செஞ்ச ஹம்மஸ் இல்ல, 900 ரூபாய் ஹம்மஸ்.

தஹினின்னா என்ன? எள் அரைச்ச விழுது. எள்ளும் நல்லெண்ணெயும் தமிழ்நாட்டுல கிடைக்காத பொருளா? 50 கிராம் வெள்ளை எள்ளை வெறும் வாணலியில பொரியற வரைக்கும் மட்டும் வறுங்க. சிவக்க விட்டா கசக்கும். சூடு ஆறுறதுக்குள்ள சின்ன சட்னி ஜார்ல பொடிச்சு, மூணு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊத்தி விழுதாக்குங்க. கருப்பு எள் வேண்டாம், நிறமும் கசப்பும் தூக்கலா நிக்கும். கால் கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊற வச்சு, ஒரு சிட்டிகை சமையல் சோடாவோட குக்கர்ல குழைய வேக விடுங்க. சுண்டலுக்கு வேக வைக்கிற பதம் பத்தாது, விரல்ல நசுக்கினா மாவாப் போகணும். வெந்த தண்ணியை எடுத்து வச்சுக்கோங்க. கடலை, எள் விழுது, ரெண்டு எலுமிச்சம்பழச் சாறு, நாலு பல் பூண்டு, உப்பு எல்லாத்தையும் சேர்த்து, அந்தத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு அரைங்க. கடைசில ரெண்டு ஐஸ் கட்டி போட்டு ஒரு சுத்து விட்டா நிறம் வெளுத்து வழவழன்னு வரும்.

கணக்கு: கடலை 35, எள் 12, எண்ணெய் 18, எலுமிச்சை 10, பூண்டு 5. மொத்தம் 80 ரூபாய்க்கு சுமார் 700 கிராம். 100 கிராம் 12 ரூபாய்கூட ஆகல. லெபனான்காரங்க ஒத்துக்குவாங்களான்னு தெரியல, ஆனா மேட்ச் பாக்க வந்த எட்டு பேர் டப்பாவை வழிச்சுடுவாங்க.

பாபா கனூஷ்னு மெனுவுல பாத்தா பயப்படாதீங்க. அது சுட்ட கத்திரிக்காய்தான். ஜாம்பஜார் மார்க்கெட்ல பெரிய கத்திரிக்காயா அரைக் கிலோ வாங்கி, எண்ணெய் தடவி, அடுப்பு நெருப்புல நேரா காட்டி தோல் கருகற வரைக்கும் சுடுங்க. தோலை உரிச்சு மசிச்சு, மிச்சம் இருக்கிற எள் விழுது, ரெண்டு மூணு ஸ்பூன் தயிர், பச்சை மிளகாய், உப்பு. சுமார் 55 ரூபாய்க்கு 350 கிராம். பிஜி-ல இண்டக்‌ஷன் ஸ்டவ்தான்னா நெருப்பு இல்ல. அப்போ ரெண்டா வெட்டி, வெட்டின பக்கம் கீழ வர்ற மாதிரி தோசைக்கல்லுல எண்ணெய் விட்டு மூடி வையுங்க. அந்தப் புகை வாசம் வராது, ஆனா ருசி வரும்.

பொட்டுக்கடலை போட்டு கெட்டியா அரைச்ச புதினா கொத்தமல்லிச் சட்னியை சாண்ட்விச் ஸ்ப்ரெட்டா வச்சுக்கலாம், எலுமிச்சை பிழிஞ்சு ஐஸ் தண்ணியில அரைச்சா பச்சை மாறாது. இதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

எல்லாத்தையும் வீட்டுல செஞ்சுடலாம்னு கிளம்ப வேண்டாம். பீனட் பட்டர் ஒரு கிலோ பெரிய டப்பாவா வாங்கினா வீட்டுல செய்றதை விட ரொம்ப அதிகம் இல்ல. சின்ன மிக்ஸியில வேர்க்கடலையை எண்ணெய் விடுற வரைக்கும் ஓட்டுனா மோட்டார் சூடேறி வாசம் வரும், விட்டு விட்டு ஓட்டணும். மோட்டார் போச்சுன்னா சேமிப்பு எங்க? கெட்சப் செய்றது சுத்த வேலை வெட்டி இல்லாத வேலை, தக்காளி கிலோ பத்து ரூபாய்க்கு விக்கிற வாரம் தவிர. சீஸ் டிப்ல சீஸ்தான் செலவு, அதை யார் கலக்கினாலும் விலை இறங்காது. இதுக்காக தனியா பிளெண்டர் வாங்குறதும் அப்படித்தான். இருக்கிற மிக்ஸியோட சட்னி ஜார் போதும்.

தொட்டுக்க ரெடி, எதை வச்சுத் தொடறது? நாச்சோஸ் பாக்கெட்டுக்கு காசைக் கொடுத்தா டிப்ல மிச்சம் பிடிச்சது திரும்பப் போயிடும். கேரட், வெள்ளரி நீளமா வெட்டிக்கலாம். முந்தின நாள் சப்பாத்தியை முக்கோணமா வெட்டி கல்லுல மொறுமொறுன்னு வாட்டலாம். தட்டையும் அப்பளமும் ஹம்மஸுக்கு அவ்வளவு பொருத்தம். தட்டையில ஏற்கெனவே உப்பு இருக்கு, அதனால டிப்ல உப்பைக் குறைச்சுக்கோங்க.

எட்டு பேர் பார்ட்டிக்கு ஆளுக்கு ரெண்டு கப்னா ஆப்ல 480 ரூபாய், கையில வர்றது 400 கிராம். மேல சொன்ன ஹம்மஸும் தயிர் டிப்பும் சேர்த்து 175 ரூபாய், 1,150 கிராம். மிச்சம் மறுநாள் டிபன் பாக்ஸுக்குப் போகும். இந்த 175-ஐ ஒருத்தரே போட்டுட்டு "பரவால்ல மச்சி"ன்னு விட்டுடாதீங்க. ஷேரிங் வீட்டுல சண்டை பெரிய வாடகையில வர்றதில்ல, இந்த மாதிரி சில்லறையிலதான் வரும். எள், கடலை, எண்ணெய் மூணையும் மாசத்துக்கு ஒரு தடவை பொதுக் காசுல மொத்தமா வாங்கி வச்சுக்கோங்க. இந்த யோசனை திருவல்லிக்கேணிக்குப் புதுசு இல்ல. மளிகையை ஒண்ணா சேர்ந்து நியாய விலைக்கு வாங்கணும்னு இங்க இருந்தவங்க 1904-லயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. டியூசிஎஸ்னு போர்டுல பாத்திருப்பீங்களே, அதேதான். இங்கிலாந்து ராச்டேல்ல 1844-ல தொழிலாளிகள் ஆரம்பிச்ச கூட்டுறவுக் கடைதான் அதுக்கு முன்மாதிரி. உங்க வீட்டு நாலு பேர் வாட்ஸப் குரூப் அதுல ஒரு பொடி சைஸ்.

கெட்டுப் போறதைப் பத்திக் கண்டிப்பா படிங்க. ஹம்மஸ், தயிர் டிப், கத்திரிக்காய் மூணும் ஃப்ரிட்ஜ்ல 3 நாள், மிஞ்சிப்போனா 4. பார்ட்டியில மேஜை மேல 2 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க, மே மாச வெயில்ல 1 மணி நேரம்தான். முழு டப்பாவையும் வெளிய வைக்காம சின்னக் கிண்ணத்துல எடுத்து வச்சா மிச்சம் தப்பிக்கும். ஹம்மஸை சின்னச் சின்ன டப்பாவுல ஃப்ரீசர்லயும் வைக்கலாம். பச்சைப் பூண்டை எண்ணெயில ஊற வச்சு வெளிய வைக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. காத்து போகாத எண்ணெய்க்கு அடியில பாட்டுலிசம்ங்கிற நோயை உண்டாக்குற கிருமி வளரும், வாசத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது.

மேன்ஷன்ல இருக்கீங்க, ஃப்ரிட்ஜும் இல்ல, அடுப்புக்கும் அனுமதி இல்லன்னா இட்லிப் பொடி இருக்கு. ரெண்டு ஸ்பூன் பொடி, நல்லெண்ணெய், நடுவுல ஒரு குழி. காய்ஞ்ச ஸ்பூன் போட்டு எடுத்தா மாசக்கணக்கா நிக்கும். பிரெட்ல தடவுங்க, வெள்ளரிக்காயில தொடுங்க. அன்னன்னைக்கு சின்ன தயிர் கப் ஒண்ணு வாங்கி அதுல கலந்தா டிப். அடுத்த ஞாயிறு வீடியோல பொடியை வீட்டுல வறுத்து அரைக்கிறது லாபமா, கடையில வாங்குறது லாபமான்னு தராசு வச்சே பாத்துடலாம்.