ரொசெட்டாக் கல்லின் முதுகு

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பண்டைய எகிப்தின் ரொசெட்டாக் கல்லின் முகப்பைப் பார்க்கத்தான் முண்டியடிக்கிறார்கள். அதில் பொறித்த மூன்று எழுத்துமுறைகளும் அங்கேதான் இருக்கின்றன. பள்ளிக் கணினியில் அதே கல்லின் முப்பரிமாண மாதிரியைத் திறந்து கொடுங்கள். மவுஸ் கைக்கு வந்ததுமே பிள்ளைகள் அதைப் புரட்டிப் போட்டுவிடுவார்கள். பின்புறத்தில் எழுத்தே இல்லை. சரியாகச் செதுக்காத கரட்டுப் பரப்பு. ஏன் இப்படி விட்டார்கள்? பிறர் கண்ணில் படாத பக்கத்துக்கு எதற்கு உழைப்பு என்று கி.மு. 196-இல் கல்தச்சர்கள் நினைத்திருக்க வேண்டும். பாடநூல் படத்தில் இந்தக் கேள்வி எழ வழியே இல்லை.

இத்தகைய மாதிரிகள் பெரும்பாலும் சாதாரணப் புகைப்படங்களிலிருந்தே உருவாகின்றன. பொருளைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். ஒரே புள்ளி ஒவ்வொரு படத்திலும் சற்றே இடம் மாறித் தெரியும்; அந்த மாற்றத்தை வைத்து அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. நம் இரு கண்களும் ஆழத்தை உணர்வது இப்படித்தான்.

இதைவிட வியப்பானது, தொடாமலே மம்மியைப் பிரிப்பது. எகிப்திய அரசன் முதலாம் அமென்ஹோதெப்பின் மம்மி 1881-இல் எகிப்தின் தெய்ர் எல்-பஹரியில் கிடைத்தது. மற்ற அரச மம்மிகளின் துணிக்கட்டுகளை அக்காலத்து அறிஞர்கள் அவிழ்த்துத் தீர்த்தார்கள். இதன் முகமூடியும் பூமாலைகளும் அவ்வளவு அழகாக இருந்ததால் இதன்மேல் மட்டும் யாருக்கும் கை எழவில்லை. 2021-இல் கெய்ரோவின் கதிரியக்க மருத்துவர் சஹர் சலீமும் தொல்லியலாளர் ஜாஹி ஹவாஸும் இதன் சி.டி. ஸ்கேன் முடிவுகளை வெளியிட்டார்கள். ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அடர்த்திக்கேற்ப ஓர் எண் உண்டு. துணிக்குச் சிறிய எண், எலும்புக்குப் பெரியது, தங்கத்துக்கு அதனினும் பெரியது. சிறிய எண்களை மறைத்துவிடு என்று மென்பொருளுக்குச் சொன்னால் துணி மறைந்து உடல் தெரிகிறது. ஏறத்தாழ 35 வயது, 169 செ.மீ. உயரம், நல்ல பற்கள், 30 தாயத்துகள், 34 தங்க மணிகள் கோத்த ஓர் இடுப்பணி.

துப்பறியும் கதையும் இதில் இருக்கிறது. கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் பூசாரிகள் இந்த மம்மியை ஒருமுறை பிரித்து மறுபடி சுற்றியிருந்தார்கள். நகைகளை எடுத்துக்கொள்ளத்தான் பிரித்தார்களோ என்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். ஸ்கேன் பூசாரிகளை விடுவித்துவிட்டது: கல்லறைத் திருடர்கள் துண்டித்த தலையை அவர்கள் பிசின் தோய்த்த துணியால் ஒட்டவைத்து, நகைகளையும் உள்ளேயே விட்டிருந்தார்கள். வகுப்பில் விடையை முதலில் சொல்லிவிடாமல், ஸ்கேன் படங்களை மட்டும் காட்டிப் பிள்ளைகளையே தீர்ப்புச் சொல்ல விடலாம்.

திரை ஒரு விஷயத்தில் மட்டும் கூசாமல் பொய் சொல்லும்: அளவு. 762 கிலோ எடையுள்ள ரொசெட்டாக் கல்லும் கையில் அடங்கும் கல்லறைப் பொம்மையும் அதில் ஒரே உயரம். எடையை எந்த மென்பொருளும் உணர்த்தாது. இதற்கு ஒரு சாக்பீஸ் போதும். 112 செ.மீ.க்கு 76 செ.மீ. என்று தரையில் கோடு போட்டு, கல்லின் அளவைக் காட்டிவிடலாம். எகிப்திய அரசன் துத்தன்காமனின் தங்க முகமூடி பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். பையில் புத்தகங்களை அடுக்கித் தூக்கச் சொல்லலாம்.

படங்களைவிட நான் மதிப்பது அகழாய்வுக் குறிப்பு அட்டைகளை. தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் 1922-இல் துத்தன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்தார். உள்ளிருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைப் பதிவுசெய்து வெளியே எடுக்க ஏறத்தாழ பத்தாண்டு பிடித்தது. அவர் எழுதிய அட்டைகள், வரைபடங்கள், ஹாரி பர்ட்டன் எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு பொருளின் எண்ணைத் தேடினால் அது எந்த அறையில், எதன் பக்கத்தில், எந்த நிலையில் கிடந்தது என்று தெரியும். புதையலுக்கும் தொல்லியலுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த அட்டைகளைவிட நன்றாக விளக்கும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வகுப்பில் ஐம்பது பொருள்களைக் காட்ட முயல வேண்டாம். ஒரே ஒரு மாதிரியைத் திறந்து கொடுத்துவிட்டு, பிள்ளைகளிடமிருந்து முதல் கேள்வி வரும்வரை பேசாமல் இருங்கள்.