கான்டெஸ்ஸா ஹாட் ராட்

ஹாட் ராட் என்பது பழைய மகிழுந்து ஒன்றின் உடற்கூட்டை வைத்துக்கொண்டு, அதன் எஞ்சினையும் ஓட்டப் பாகங்களையும் வேகத்துக்காக மாற்றி அமைத்த வண்டி ஆகும். பழைய வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுவரும் புதுப்பித்தலிலிருந்து இது வேறுபட்டது. இந்தியாவில் இவ்வாறு மாற்றுவதற்கு அடிக்கடி எடுத்துக்கொள்ளப்படும் சொகுசு மகிழுந்து, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த கான்டெஸ்ஸா. கோயம்புத்தூரும் அதைச் சுற்றிய கொங்கு வட்டாரமும் இதற்கு வேண்டிய கைத்திறன் நிறைந்த பகுதி. ஆனால் மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு இந்தியச் சட்டத்தில் அநேகமாக இடமில்லை. ஆகவே ஒரு கான்டெஸ்ஸாவைப் பட்டறைக்குள் விடும் முன்பே, அது சாலைக்கா பந்தயப் பாதைக்கா என்பதை உரிமையாளர் முடிவு செய்துகொள்ள வேண்டியுள்ளது.

தோற்றம்

இவ்வழக்கம் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் 1930களில் வேரூன்றியது. இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ வண்டிகளை வாங்கி, மட்கார்டு, பம்பர் போன்றவற்றைக் கழற்றி எடையைக் குறைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். 1932இல் ஃபோர்டு நிறுவனம் எளியவர் வாங்கும் விலையில் வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு வண்டி இன்றும் ஹாட் ராட் பிரியர்களுக்கு முதல் விருப்பம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இது பெருகி, 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஒரு மாத இதழும் வரத் தொடங்கியது.

சொகுசு மகிழுந்துகள் தொடக்கத்தில் இவர்கள் கண்ணில் படவில்லை. அவை எடை மிகுந்தவை, விலையும் கூடியவை. காடிலாக் போன்ற பெரிய வண்டிகளிலிருந்து எஞ்சினை மட்டும் கழற்றிச் சிறிய ஃபோர்டில் ஏற்றுவதே வழக்கமாக இருந்தது. கான்டெஸ்ஸாவில் நடப்பது இதற்கு நேர்மாறு. இங்கே உடல் சொகுசு வண்டியுடையது, எஞ்சின் வெளியிலிருந்து வருகிறது.

கான்டெஸ்ஸா ஏன்?

கான்டெஸ்ஸா 1984இல் விற்பனைக்கு வந்தது. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1970களில் தயாரித்த விக்டர் வகை மகிழுந்தின் அச்சுகளை வாங்கி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இது தயாரிக்கப்பட்டது. நீண்ட முகப்பு, அகன்ற உடல், தாழ்ந்த நிற்பு என்று அமெரிக்கப் பெரிய கார்களின் சாயல் கொண்டது. அக்காலத்தில் மில் முதலாளி வீட்டு வாசலிலும் தமிழ்த் திரைப்பட வில்லன் வீட்டு வாசலிலும் தவறாமல் நின்ற வண்டி இதுதான்.

தோற்றத்துக்கு ஏற்ற இழுவை இல்லை என்பதே இதன் குறை. முதலில் அம்பாசிடரில் இருந்த 1,489 சி.சி. எஞ்சினையே இதிலும் வைத்தார்கள். சுமார் 50 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சின் இவ்வளவு பெரிய உடலை இழுக்கத் திணறியது. 1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசு நிறுவன வடிவமைப்பிலான 1,817 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர்களும் கொண்ட கான்டெஸ்ஸா கிளாசிக் வந்த பிறகே வண்டி ஓரளவு நிமிர்ந்தது. பின்னர் டீசல் வகையும் வந்தது. 2002இல் உற்பத்தி நின்றது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாக்ஸ்ஹால் விக்டரின் அதே உடலில், வென்டோரா என்ற பெயரில் 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட வகையும் பிரிட்டனில் விற்கப்பட்டது. அதாவது கான்டெஸ்ஸாவின் முன்பக்கக் கூடு பெரிய எஞ்சின் ஏற்கும் அளவுடனேயே பிறந்தது. அதில் சிறிய எஞ்சினை வைத்து விற்றது இந்தியாவில்தான். பின்சக்கர இழுவை வேறு. ஜப்பானிய ஆறு சிலிண்டர் எஞ்சின்களை இதில் ஏற்றியவர்கள் வடிவமைப்பாளருக்கு எதிராக எதுவும் செய்துவிடவில்லை என்றே சொல்லலாம்.

கொங்கு வட்டாரத்தின் கைத்திறன்

வண்டியைக் கட்டுவதும் மாற்றுவதும் இப்பகுதிக்குப் புதிதன்று. கரூரில் பேருந்துகளுக்கும் நாமக்கல்லில் லாரி, டேங்கர்களுக்கும் உடல் கட்டப்படுகிறது. திருச்செங்கோட்டில் லாரி மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் இயந்திரம் ஏறுகிறது. கோயம்புத்தூரில் பம்பு செட்டுத் தொழிலால் வளர்ந்த வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் ஏராளம். எஞ்சின் தாங்கி, கியர் பெட்டியை இணைக்கும் தகடு, தண்டின் நீளத்தைக் குறைத்துச் சமன் செய்தல் என்று ஹாட் ராடுக்குத் தேவையான ஒற்றைப் பாகங்களை வரைபடம் காட்டினால் செய்து தரக்கூடிய ஊர் இது.

இதற்கு முன்னோடி மரபும் உண்டு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, வண்டியைத் தன் பட்டறையிலேயே பிரித்துச் சேர்ப்பதை ஒரு கல்வியாக நடத்தினார். அவர் பெயரிலான அறக்கட்டளை 2015இல் அவிநாசி சாலையில் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகம், பழைய வண்டிகளைத் தொடங்கிய நிலையிலேயே காத்து வைக்கும் இடம். மாற்றக் கூடாது என்போர் கட்சிக்கு அது நல்ல சான்று.

மறுபக்கத்துக்குச் சான்று எஸ். கரிவரதன். கோயம்புத்தூர் நெசவாலைக் குடும்பத்தில் 1954இல் பிறந்த இவர், மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உள்ளூரிலேயே உருவாக்கினார். வீட்டுக் காரின் எஞ்சினை எடுத்துப் பந்தயத்துக்குப் பழக்குவதுதான் ஹாட் ராடின் மூலக் கருத்து. அதைத் தமிழ்நாட்டில் ஒழுங்காகச் செய்து காட்டியவர் அவரே. பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதி வண்டியில். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார்.

உடற்கூடு

கடற்கரை ஊர்களை விடக் கொங்குப் பகுதியில் வண்டிகளுக்குத் துரு குறைவு. இப்பகுதி மலைகளின் மழை மறைவில் இருப்பதும் காற்றில் உப்பு இல்லாததும் காரணம். ஆயினும் கதவுக்குக் கீழான பக்க விட்டம், தரைத் தகடு, முன் கண்ணாடியின் அடி விளிம்பு ஆகிய இடங்களில் உளி முனையால் தட்டிப் பார்ப்பது டிங்கர்களின் பழக்கம். பெயின்டுக்கு அடியில் கனமாகப் பட்டி பூசி மறைத்த ஓட்டை அப்போது வெளிப்படும்.

அமெரிக்கப் பழைய ஃபோர்டுக்கும் கான்டெஸ்ஸாவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு சட்டகத்தில் இருக்கிறது. ஃபோர்டில் கீழே தனியாக இரும்புச் சட்டகம் உண்டு. மேலே உள்ள உடலை எப்படி வெட்டினாலும் வண்டி வளையாது. கான்டெஸ்ஸாவில் தனிச் சட்டகம் கிடையாது. தரை, பக்க விட்டம், தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் பலம். தீப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு முறுக்கிப் பார்த்தால் இது புரியும். எனவே கூரையைத் தாழ்த்துவதும் பின்கதவுகளை அடைப்பதும் அழகு வேலை அல்ல, கட்டமைப்பு வேலை.

கூரையைத் தாழ்த்துவதில் இன்னொரு தடை கண்ணாடி. பழைய ஃபோர்டின் தட்டைக் கண்ணாடியை வெட்டிப் பொருத்த முடிந்தது. கான்டெஸ்ஸாவின் பக்கக் கண்ணாடி சூடேற்றிக் கடினப்படுத்தியது. அறுக்க முயன்றால் மணி மணியாக உதிர்ந்துவிடும். இதனால் நல்ல பட்டறைகள் கூரையைத் தொடாமல் விடுவதே வழக்கம்.

எஞ்சினும் வெப்பமும்

ஆறு சிலிண்டர் எஞ்சின் நான்கு சிலிண்டரை விட நீளமானது, எடையும் கூடியது. அதன் எண்ணெய்த் தொட்டி முன்புறக் குறுக்கு விட்டத்தில் இடிக்கலாம். விட்டத்தை வெட்டுவதற்குப் பதிலாகத் தொட்டியின் வடிவத்தை மாற்றுவதே சரியான வழி. எஞ்சினை எவ்வளவு பின்னுக்குத் தள்ள முடிகிறதோ அவ்வளவுக்கு முன்சக்கர எடை குறைந்து, ஸ்டீயரிங் இலகுவாகும்.

அடுத்தது ரேடியேட்டர். ஏப்ரல், மே மாதங்களில் ஈரோடு, கரூர்ப் பக்கம் வெயில் 40 பாகை செல்சியஸை எட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எஞ்சின் முழு உழைப்பில் இருக்கும், எதிர்க்காற்றோ குறைவு. பழைய ரேடியேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றியவர்கள் பர்லியாறுக்கு அருகில் ஆவி பறக்க நிற்பதைக் காணலாம்.

பிரேக்

பலர் பணத்தை எஞ்சினுக்குச் செலவழித்துவிட்டுப் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பது பள்ளி இயற்பியல். அதை இந்த வண்டிக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது, பிரேக்கில் பிறக்கும் வெப்பம் 30 பாகையில் உள்ள ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். வேகம் 160 ஆனால் அதே வெப்பம் ஏறத்தாழ நாலே முக்கால் லிட்டருக்குப் போதுமானது. வேகம் இரண்டு மடங்கு, வெப்பம் நான்கு மடங்கு. இந்த வெப்பத்தில் பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. பெரிய வட்டுகள், நான்கு சக்கரங்களிலும் வட்டு பிரேக், கொதிநிலை உயர்ந்த எண்ணெய் ஆகியவை முடிந்த பிறகே எஞ்சினைப் பற்றிப் பேசுவது நல்லது. கூடுதல் முறுக்கு விசையைத் தாங்கும் பின் இருசும் டிஃபரன்ஷியலும் அதே வரிசையில் வரும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182ஏ, அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. வண்ணம் மாற்றுவது, பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே தயாரிப்பின் அதே வகை எஞ்சினை வைப்பது போன்றவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ளலாம். எரிபொருள் மாற்றத்துக்கும் இடமுண்டு. அங்கீகரிக்கப்பட்ட மின்சாரக் கருவித் தொகுப்பை அனுமதி பெற்ற நிலையத்தில் பொருத்துவது இவ்வழியில் வரும். வேறு நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சின் இவற்றுள் எதிலும் அடங்காது.

15 ஆண்டு கடந்த கார்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் சரிபார்க்கப்படும். மாற்றம் வெளிப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். அதைவிடக் கவலைக்குரியது காப்பீடு. தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைக்கிறது.

இதில் கொங்குப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு மனத்தாங்கல் இருப்பது இயல்பே. கரூரில் வெறும் சேசிஸ் மேல் 50 பேர் அமரும் பேருந்தையே கட்டும் வெல்டர், காரில் ஓர் எஞ்சின் தாங்கியை மாற்றினால் குற்றம். ஆனால் வேறுபாடு திறமையில் அல்ல, சோதனையில். பேருந்து உடலுக்கு ஏ.ஐ.எஸ். 052 என்ற தரவிதி உண்டு. அங்கீகாரம் பெற்ற கூடத்தில் அந்த விதிப்படி கட்டி, வடிவமைப்புக்கு ஒப்புதல் வாங்குகிறார்கள். ஒற்றையாகக் கட்டிய காரைச் சோதித்துச் சான்று தரும் தனி ஏற்பாடு பிரிட்டனில் இருக்கிறது. அது போன்ற எளிய வாயில் இங்கே தனியாருக்கு இல்லை. அப்படி ஒன்று வந்தால் முதலில் பயன்பெறும் ஊர்களில் கோயம்புத்தூரும் இருக்கும்.

பந்தயப் பாதை

பொதுச் சாலையை விட்டுவிட்டால் வழி திறக்கிறது. கரிவரதன் நினைவாகப் பெயரிடப்பட்டு 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே, கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ளது. சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் தேசியப் பந்தயங்கள் நடக்கின்றன. மூடிய பாதையில் ஓடும் வண்டிக்குச் சாலைப் பதிவு தேவையில்லை. அதற்குப் பதிலாகப் பந்தய விதிகள் வரும். கவிழ்ந்தாலும் நசுங்காத குழாய்க் கூண்டு, பல முனை இருக்கைப் பட்டை, தீயணைப்பான், தலைக்கவசம், ஓட்டுநர் உரிமம் ஆகியவை கட்டாயம். பட்டறையிலிருந்து பாதைக்கு வண்டியை ஓட்டிச் செல்லாமல், டிரக்கில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும்.

எஞ்சியிருக்கும் வண்டிகள்

ஒன்றிய அரசு 2021இல் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளுடன் பதிவு எண் கிடைக்கும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் ஓட்டலாம்.

முதல் கான்டெஸ்ஸாக்கள் 2034இல் இந்த வயதை எட்டுகின்றன. இன்று கூரை வெட்டப்பட்ட வண்டிக்கு அன்று அந்தப் பதிவு கிடைக்காது. உத்தர்பாராவில் இனி ஒரு கூடும் வார்க்கப்படப் போவதில்லை. இதனால்தான் விவரம் தெரிந்த பட்டறைகள் முழுமையான கான்டெஸ்ஸாவைப் புதுப்பிப்பதற்கு ஒதுக்கிவிட்டு, விபத்தில் அடிபட்டது, பதிவு நீக்கப்பட்டது போன்ற கூடுகளையே பாதை வண்டியாக்க எடுக்கின்றன. எந்தக் கூடானாலும், கழற்றிய எஞ்சினை உக்கடம் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் எண்ணெய் பூசி, எண் தெரியும்படி மூடி வைப்பது அவர்கள் வழக்கம். தாங்கிகளைப் பற்றவைக்காமல் போல்ட்டில் பூட்டியிருந்தால், அந்த எஞ்சினைத் திரும்ப ஏற்ற முடியும்.