ஒரு பிடி பாசியை நம்பி வாழும் சிலந்தி

வயலில் சிலந்தி நடமாட்டம் தெரிந்தால் நமக்கெல்லாம் சந்தோஷம்தான். தத்துப்பூச்சியையும் புகையானையும் அது பார்த்துக்கொள்ளும் என்ற தெம்பு. எந்தச் சூட்டிலும் சிலந்தி பிழைத்துக்கொள்ளும் என்றும் நினைக்கிறோம். ஆனால் குளிர் இருந்தால்தான் உயிர் தரிக்கும் சிலந்திகளும் உலகத்தில் உண்டு. அவை எங்கே ஒதுங்கி வாழ்கின்றன என்று தெரிந்துகொண்டால், மூடாக்கின் அருமை நமக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் பனியுகம் உச்சத்தில் இருந்தது. அப்போது குளிர்தாங்கும் மரங்களும் சிற்றுயிர்களும் தாழ்வான இடங்களிலும் பரவியிருந்தன. பூமி சூடேறியதும் சில வடக்கே நகர்ந்தன. சில மலைமேல் ஏறின. இன்னும் சில, குளிர் தங்கிய பொந்துகளில் அகப்பட்டு அங்கேயே நின்றுவிட்டன.

செக் நாட்டின் போஹீமிய மலைச்சரிவுகளில் பாறைத் துண்டுகள் குவியல் குவியலாகக் கிடக்கும். குளிர்காலத்தில் உறையும் காற்று கற்களின் இடுக்குக்குள் புகுந்துகொள்ளும். மேல்கல் வெயிலில் சுட்டாலும், சரிவின் அடிவாரத்து இடுக்குகளில் கோடை பிறந்த பிறகும் பனிக்கட்டி கிடக்கும். யூரல் மலையிலும் சைபீரியாவிலும் வாழ்கிற 'வுபனாய்டெஸ் யூராலென்சிஸ்' என்ற சிலந்தி, இவ்வளவு தள்ளி இந்தக் கல் இடுக்குகளிலும் இருக்கிறது. மலை பெரிய உயரமில்லை. கற்குவியல்தான் குளிரைப் பிடித்து வைத்திருக்கிறது.

இன்னொரு புகலிடம் அமெரிக்காவில், அப்பலாச்சியன் மலைத்தொடரின் தென்பகுதியில். வட கரோலினா, டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களில், பெரும்பாலும் 5,400 அடிக்கு மேல் உள்ள சில சிகரங்களில் மட்டும் ஸ்புரூஸ், ஃபிரேசர் ஃபிர் மரங்கள் சேர்ந்த காடு இருக்கிறது. சுற்றிலும் சூடான பள்ளத்தாக்கு. ஒவ்வொரு சிகரமும் ஒரு தீவு மாதிரி. அந்தக் காட்டு நிழலில், பாறைமேல் படர்ந்த பாசிக்கும் கல்லுக்கும் நடுவே குழாய் போல வலை பின்னி வாழ்கிறது 'மைக்ரோஹெக்சுரா மாண்டிவாகா'. டாரண்டுலா வகைக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் முழு வளர்ச்சியிலும் 4 மில்லிமீட்டரைத் தாண்டாது. இதன் பேரினத்தில் இன்னும் ஒரே ஒரு இனம்தான் உண்டு. அதுவும் கண்டத்தின் மறு ஓரத்தில், ஐடஹோ, வாஷிங்டன், ஒரேகான் பக்கம் இருக்கிறது.

இந்தச் சிலந்திக்குப் பாசி காய்ந்தால் சாவு. சொட்டச் சொட்ட நனைந்தாலும் ஆபத்து. மண்புழு உரத்தொட்டிக்கு நாம் பார்க்கிற பதம் இருக்கிறதே, பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் ஒழுகக் கூடாது, கிட்டத்தட்ட அதுதான் இதற்கும் வேண்டும். அந்தப் பதத்தைக் காப்பாற்றுவது மேலே இருக்கிற மரக்கூரையும், மலையுச்சியில் தவழும் மூடுபனியும்.

கூரைக்கு வினை வந்தது ஒரு பூச்சியால். ஐரோப்பாவிலிருந்து மரக்கன்றுகளோடு வந்ததாகக் கருதப்படும், அசுவினிக்கு உறவான ஒரு பூச்சி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நம்ம ஊர் மாவுப்பூச்சி போல உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. 1957இல் வட கரோலினாவின் மிட்செல் சிகரத்தில் இது கண்டுபிடிக்கப்பட்டது. முதிர்ந்த ஃபிரேசர் ஃபிர் மரத்தின் பட்டை வெடிப்பில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். சொந்த ஊரில் அதை ஐரோப்பிய ஃபிர் மரங்கள் தாங்கிக்கொள்கின்றன. வந்த ஊர் மரத்துக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி கோவைப் பக்கம் வந்து நம்மைப் படுத்தியதை நினைத்துப் பாருங்கள். நமக்கு ஓர் ஒட்டுண்ணிக் குளவி கைகொடுத்தது. அங்கே வெளிநாட்டிலிருந்து இரைவிழுங்கிகளைக் கொண்டுவந்து விட்டும் பூச்சி அடங்கவில்லை.

லிண்டேன் மருந்தும் அடித்துப் பார்த்தார்கள். பிறகு பெரிய புகைமலைத் தேசியப் பூங்காவில் சோப்புக் கரைசலுக்கு மாறினார்கள், நாம் அடிக்கிற காதி சோப்புக் கரைசல் மாதிரி. ஆனால் சோப்பு, பட்ட இடத்துப் பூச்சியைத்தான் கொல்லும். ஒவ்வொரு மரத்தையும் முழுதாக நனைக்க வேண்டும். சாலையோரத்து மரங்களுக்குச் சரி, மலை முழுக்க நடக்கிற காரியமா?

முதிர்ந்த மரங்களில் பெரும்பகுதி செத்தது. வெயில் நேராகப் பாறையில் இறங்கியது. பாசி காய்ந்து கல்லை விட்டுக் கழன்றது. பாசியோடு சிலந்தியும் போனது. 1995இல் அமெரிக்க அரசு இதை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாக அறிவித்துச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலந்தியை யாரும் பிடிக்கவில்லை, கொல்லவில்லை. மலையும் இருக்கிறது, பாறையும் இருக்கிறது. வங்கி வேலையில் கடனுக்கு ஈடான கட்டிடத்தைப் பார்க்கப் போவோம். சுவர் நிற்கிறது என்று எழுதிவிட்டு வர முடியாது, கூரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மலைகளில் போனது கூரைதான்.

புகலிடம் என்பது ஊர்ப்பெயரோ உயரமோ இல்லை. நிழலும், மூடாக்கும், அதற்கடியில் நிற்கிற ஈரமும்தான். மலைச்சிலந்திக்குப் போக வேறு இடம் கிடையாது. ஈரம் குறைந்தால் சாகிற உடம்போடு ஒரு சிகரத்திலிருந்து இன்னொரு சிகரத்துக்குப் பள்ளத்தாக்கைக் கடக்க முடியுமா? அதிர்ஷ்டவசமாக, ஃபிர் கன்றுகள் மறுபடி அடர்த்தியாக முளைத்து வருகின்றன. ஆனால் அவை முதிர்ந்து பட்டை வெடிக்கும்போது பூச்சிக்கு மறுபடி தீனி. பூமி சூடாவது மேலும் ஒரு நெருக்கடி. உச்சியில் இருப்பவர் இன்னும் மேலே எங்கே ஏறுவது?

நம் வயல் சிலந்திகள் இவ்வளவு நோஞ்சான் இல்லை. என்றாலும் அறுவடை முடிந்ததும் தாளைக் கொளுத்தி, வரப்பைச் செதுக்கி மொட்டையாக்கினால் அவை எங்கே ஒதுங்கும்? வரப்பில் ஒரு பக்கமாவது புல்லை விடுங்கள். சருகைக் கொளுத்தாமல் மரத்தடியில் பரப்புங்கள். சித்திரை வெயிலில் ஒரு நாள் மதியம், மூடாக்குக்கு அடியிலும் வெறும் மண்ணிலும் மாறி மாறிக் கையை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் கைக்கே தெரியும்.