அமெரிக்க இடைத்தேர்தலில் கட்சிகளின் பிரசார உபாயம்

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும்போது நம் பேனா சற்றே தயங்கி நிற்கும் இடங்கள் சில உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'ஸ்பெஷல் எலெக்‌ஷன்' என வழங்கும் தேர்தல் அவற்றுள் ஒன்று. 'விசேஷத் தேர்தல்' என்று எழுதினால், அதில் என்ன விசேஷம் என்று நேயர்கள் கேட்பார்கள். உறுப்பினர் ஒருவர் காலமானாலும், பதவி விலகினாலும், சபையிலிருந்து நீக்கப்பட்டாலும் காலியாகும் ஸ்தானத்துக்கு நடைபெறும் தேர்தல் அது. ஆகவே நம் நாட்டு வழக்கை ஒட்டி இடைத்தேர்தல் என்றே கூறுவோம். ஜனாதிபதியின் நான்காண்டுப் பதவிக் காலத்தின் நடுவில் நாடெங்கும் நடைபெறும் நடுப்பருவத் தேர்தல் வேறு. 'காங்கிரஸ்' என்னும் சொல்லும் இத்தகையதே. நமக்கு அது ஒரு கட்சியின் பெயர். அமெரிக்கருக்கோ அது அவர்களுடைய பாராளுமன்றத்தின் பெயர்.

அப்பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையாகிய பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்கள் வாக்குரிமையுடன் அமர்கின்றனர். அவர்களுடைய பதவிக் காலம் இரண்டே ஆண்டுகள். மேல்சபையாகிய செனட்டில் ஓர் இடம் காலியானால், பல மாநிலங்களில் கவர்னர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம். பிரதிநிதிகள் சபைக்கு அவ்வாறு நியமிக்க வழியில்லை. மக்கள் வாக்களித்தே தீரவேண்டும். அதுவரை அத்தொகுதியின் சார்பில் சபையில் கையுயர்த்த எவரும் இல்லை. தேர்தல் தேதியோ மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டுப் பெரும்பாலும் கவர்னரால் குறிக்கப்படுவது. கட்சிகளின் உபாயம் அந்தத் தேதியிலேயே தொடங்கிவிடுகிறது.

பொதுத்தேர்தல் நாளில் கடைத்தெரு முழுவதும் திறந்திருக்கும். இடைத்தேர்தல் நாளிலோ ஒரே ஒரு கடைதான் திறந்திருக்கிறது. வாக்களிக்க வருவோர் தொகை குறைகிறது. நாட்டின் பத்திரிகைகளும் பணமும் அந்த ஒரே வாசலில் வந்து குவிகின்றன. இந்நிலையில் கட்சியின் முதல் வேலை, தன்னவரை வீட்டிலிருந்து எழுப்பி வாக்குச்சாவடிக்கு அழைத்து வருவது. ஆனால் அதற்காக எழுப்பும் குரலே எதிர்க்கட்சியினரையும் உறக்கத்திலிருந்து எழுப்பிவிடக்கூடும். வாஷிங்டனில் நடப்பதைப் பற்றி வாக்காளரைக் கேட்பதா, அவர் ஊரில் நடப்பதைப் பற்றிக் கேட்பதா என்பதே பிரசாரத்தை வகுப்போரின் பெரிய கேள்வி.

இவ்விரண்டையும் ஒன்றாகப் பின்னியதில் நாம் அறிந்தவரை மிகச் சாமர்த்தியமான பிரசாரம் 1974 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் நடந்தது. அத்தொகுதியில் கால் நூற்றாண்டுக் காலம் உறுப்பினராக இருந்தவர் ஜெரால்டு ஃபோர்டு. உதவி ஜனாதிபதி ஸ்பைரோ அக்னியூ 1973 அக்டோபரில் பதவி விலகவே, ஃபோர்டு அப்பதவிக்கு உயர்ந்தார்; அவருடைய தொகுதி காலியாயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியரசுக் கட்சி ஒருமுறையேனும் தோல்வி காணாத இடம் அது. எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ரிச்சர்ட் வாண்டர் வீன் ஒரு வழக்கறிஞர். முன்பு 1958இல் ஃபோர்டிடமே தோற்றவர்.

வாட்டர்கேட் ஊழல் அப்போது ஜனாதிபதி நிக்ஸனைச் சூழ்ந்து நின்றது. நிக்ஸனை வெறுமனே தாக்கியிருந்தால், தங்கள் கட்சியின் ஜனாதிபதிக்காக அவ்வூர்க் குடியரசுக் கட்சியினர் வரிந்துகட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். வாண்டர் வீன் வேறு வழியை மேற்கொண்டார். நிக்ஸன் விலகட்டும், நம் ஊர் ஃபோர்டு ஜனாதிபதியாகட்டும் என்பதே அவருடைய விளம்பரங்களின் சாரம். எதிர்க்கட்சியின் உள்ளூர்ப் பெருமையைத் தம் கொடியிலேயே கட்டிப் பறக்கவிட்டார் எனலாம்! ஃபோர்டை நேசித்த ஒரு குடியரசுக் கட்சி வாக்காளர், மனச்சாட்சிக்கு மாறின்றி ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்க இது ஒரு கதவைத் திறந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் ராபர்ட் வாண்டர் லானின் நிலை பரிதாபத்துக்குரியது. நிக்ஸனைப் புகழ்ந்தால் ஒரு சாராரும், கைவிட்டால் மறு சாராரும் கசப்படைவர். ஃபோர்டு ஜனாதிபதியாக வேண்டாம் என்று அந்த ஊரில் சொல்லவும் முடியாது. வாண்டர் வீன் வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் நிக்ஸன் விலகினார், ஃபோர்டு ஜனாதிபதியானார்.

அதே பிப்ரவரி மாதத்தில் பென்ஸில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் நகரைச் சுற்றிய நிலக்கரி, எஃகுத் தொழிற் பகுதியிலும் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சியிடமிருந்த அந்த இடத்தை, வியட்நாம் போரில் பணிபுரிந்த ஜான் மர்த்தா என்பவர் மிகச் சொற்ப வாக்குகளில் ஜனநாயகக் கட்சிக்கு வென்று கொடுத்தார். இவ்விரு முடிவுகளையும் அரசியல் நோக்கர்கள் வரப்போகும் புயலின் அறிகுறி என்றார்கள். அது பலித்தது. 1974 நவம்பரில் ஜனநாயகக் கட்சி ஏறத்தாழ ஐம்பது இடங்களைக் கூடுதலாகப் பெற்றது.

முப்பத்தாறு ஆண்டுகள் அந்த இடத்தைக் காத்த மர்த்தா 2010 பிப்ரவரியில் காலமானார். மீண்டும் இடைத்தேர்தல். இம்முறை அலை ஜனநாயகக் கட்சிக்கு எதிராக வீசிக்கொண்டிருந்தது. மருத்துவக் காப்புச் சட்டம் அந்த மார்ச்சு மாதத்தில்தான் நிறைவேறி நாடெங்கும் சச்சரவை மூட்டியிருந்தது. தேதியைக் குறித்தவர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த கவர்னர். மே 18 அன்று மாநிலத்தில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல். ஜனநாயகக் கட்சியினரிடையே செனட் பதவிக்குக் கடும் போட்டி. இடைத்தேர்தலும் அதே நாளில் வைக்கப்பட்டதால், அக்கட்சியினர் எப்படியும் வாக்குச்சாவடிக்கு வருவது உறுதியாயிற்று.

குடியரசுக் கட்சி வேட்பாளர் டிம் பர்ன்ஸ், ஜனாதிபதி ஒபாமாவின் பெயரையும் சபாநாயகர் நான்ஸி பெலோஸியின் பெயரையும் தொகுதி முழுவதும் முழக்கினார். எதிர்த்து நின்ற மார்க் கிரிட்ஸ் மர்த்தாவின் அலுவலகத்தில் பணியாற்றியவர். தம் கட்சியின் மருத்துவச் சட்டத்தைத் தாம் ஆதரித்திருக்கமாட்டார் என்றார். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை ஆதரித்தார். எஞ்சிய நேரமெல்லாம் ஊர்க்காரர்களின் வேலையைப் பற்றியும், அவ்வேலைகள் கடல் கடந்து போவதைப் பற்றியுமே பேசினார். ஏழெட்டு விழுக்காடு வித்தியாசத்தில் வெற்றி அவருக்கே கிட்டியது.

ஜனநாயகக் கட்சியினர் பெருமூச்சு விட்டனர். அலை அடங்கியது என்று எழுதியவர்களும் உண்டு. அந்த ஆண்டு நவம்பரில் அக்கட்சி 63 இடங்களை இழந்தது! ஒரே தொகுதி, 1974இல் மெய்யும் 2010இல் பொய்யும் உரைத்தது. கிரிட்ஸின் வெற்றி ஜான்ஸ்டவுன் மக்களுக்குப் பொருந்திய ஒரு மனிதரின் வெற்றி. மற்ற தொகுதிகளில் நின்றவர்களுக்கோ அப்படித் தம் கட்சியை விட்டு விலகி நின்று பேச வாய்ப்பு இல்லை. பலர் அதே சட்டத்துக்கு வாக்களித்திருந்தவர்கள்.

தேசியப் பிரச்சினையே உள்ளூர்ப் பிரச்சினையாகி விடுவதும் உண்டு. 2011 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சியினர் பால் ரயன் வகுத்த வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றினர். 'மெடிகேர்' எனப்படும் முதியோர் மருத்துவக் காப்புத் திட்டத்தை, 55 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் விஷயத்தில், தனியார் காப்பீடு வாங்குவதற்கான உதவித் தொகையாக மாற்ற அது கருதியது. அடுத்த மே மாதமே நியூயார்க்கு மாநிலத்தின் மேற்குப் பகுதியில் இடைத்தேர்தல். குடியரசுக் கட்சிக்குச் சாதகமான அத்தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் கேத்தி ஹோக்குல் இந்த ஒரு விஷயத்தையே ஓயாமல் எடுத்துரைத்தார். எதிர் வேட்பாளர் ஜேன் கார்வின் அத்திட்டத்தை ஆதரிப்பதாகக் கூறியிருந்தார். இப்போதைய முதியோருக்குப் பாதகமில்லை என்று விளக்க வேண்டிய நிலை அவருடையது. பிரசாரத்தில் விளக்கம் சொல்ல நேர்ந்தவர் பாதி தோற்றவரே. ஹோக்குல் வென்றார். மூன்றாவது வேட்பாளர் ஒருவர் ஒன்பது விழுக்காடு வாக்குகளைப் பிரித்ததையும் மறைத்தல் ஆகாது.

பணத்தின் கதை 2017இல் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா புறநகர்ப் பகுதியில் நிகழ்ந்தது. ஜான் ஆஸாஃப் என்னும் முப்பது வயது ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு, ஜனாதிபதி டிரம்பின் மீதிருந்த கோபத்தால் நாடெங்கிலுமிருந்து நன்கொடை பெருகி வந்தது. முதற்சுற்றில் நாற்பத்தெட்டு விழுக்காடு பெற்றும் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாம் சுற்றில் அவர் குரலைத் தணித்து, சர்க்காரின் வீண் செலவையும் அட்லாண்டாவின் தொழில் வளர்ச்சியையும் பேசினார். அதற்குள் நன்கொடையே எதிர்க்கட்சிக்கு விளம்பரமாகிவிட்டது. கலிபோர்னியாவின் பணம், பெலோஸியின் ஆள், தொகுதியில் குடியிராதவர் என மூன்று குற்றச்சாட்டுகள் இடைவிடாமல் ஒலித்தன. அரசியல் சட்டம் கேட்பதெல்லாம் வேட்பாளர் அந்த மாநிலத்தில் வசிக்கவேண்டும் என்பதே. ஆஸாஃப் வளர்ந்ததும் அப்பகுதியில்தான். இருந்தும் 'இவர் நம்மூர்க்காரர் அல்லர்' என்னும் சொல் தைத்தது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் நேயர்கள் இந்தச் சொல்லின் கூர்மையை அறியாதவர்களல்லர். இரு தரப்பும் சேர்ந்து ஐந்து கோடி டாலருக்கு மேல் செலவான அத்தேர்தலில், குடியரசுக் கட்சியின் கேரன் ஹேண்டல் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார்.

அதே ஜூன் 20ஆம் நாள் தென் கரோலினாவில் நடந்த மற்றோர் இடைத்தேர்தலைப் பலர் கவனிக்கவே இல்லை. ஆரவாரமும் பெரும் பணமும் இன்றி, மிகக் கடினமான தொகுதியில் நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஏறக்குறைய மூன்றே விழுக்காட்டில் தோற்றார். வாக்காளரின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இந்த மௌனமான தேர்தல்தான் தெளிவாகச் சொன்னது என்பது நம் அபிப்பிராயம். 2018 நவம்பரில் அட்லாண்டா தொகுதியிலேயே ஹேண்டலை ஜனநாயகக் கட்சியின் லூசி மக்பாத் தோற்கடித்தார்.

அண்மைக் காலத்து உதாரணம் 2024 பிப்ரவரியில் நியூயார்க்கு நகரை அடுத்த லாங் ஐலண்டுப் பகுதியில் கிடைக்கிறது. ஜார்ஜ் சாண்டோஸ் சபையிலிருந்து நீக்கப்பட்டதால் வந்த தேர்தல் அது. எல்லை தாண்டி வருவோர் பிரச்சினை குடியரசுக் கட்சியின் கூரிய ஆயுதம். அதைப் பேசாமல் ஒதுங்குவதே ஜனநாயகக் கட்சியினரின் வாடிக்கை. டாம் ஸ்வாஸி ஒதுங்கவில்லை. தாமே முந்திக்கொண்டு எல்லைக் காவலைப் பலப்படுத்தவேண்டும் என்றார். இரு கட்சியினரும் சேர்ந்து செனட்டில் வகுத்த எல்லை மசோதாவைக் குடியரசுக் கட்சியினரே தடுத்தபோது, அதை எதிர்த்த தம் எதிராளி மாஸி பிலிப்பைப் பார்த்து, தீர்வு வேண்டுமா, குறை மட்டும் வேண்டுமா என்னும் பொருள்பட வாதாடினார். வாக்குப்பதிவு நாளில் பனி கொட்டியது. முன்கூட்டியே வாக்களித்தவர்களில் ஸ்வாஸியின் கட்சியினர் அதிகம். அவர் ஏழெட்டு விழுக்காட்டில் வென்றார். அவருடைய வழியே கட்சிக்கு வழி என்று அப்போது பலர் எழுதினர். நவம்பரில் ஸ்வாஸி தம் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார். ஜனாதிபதி பதவியும் பிரதிநிதிகள் சபைப் பெரும்பான்மையும் குடியரசுக் கட்சிக்கே சென்றன.