ஆரை கீரையா, பன்னமா?

சென்ற கிழமை வாவிக்கரையில் கண்டல் மரங்களைப் பார்த்தோம். இந்தக் கிழமை ஊருக்குள் வருவோம். ஆரையம்பதியின் பழைய பெயர் ஆரைப்பற்றை. ஈரநிலத்தில் பற்றையாய்ப் படரும் ஆரையால் வந்த பெயர் என்பார்கள். மெல்லிய காம்பின் நுனியில் நாலு இலை, நாலு திசைக்கும் விரிந்திருக்கும்.

சமையலறையில் அது கீரை. அதற்குமேல் அங்கே விசாரணை இல்லை. நாட்டு வைத்தியருக்கு அது தாகத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து. தாவரவியலாரோ அதைப் பன்னங்களோடு சேர்க்கிறார்கள். ஆரை பூக்காது, விதை வைக்காது. காம்படியில் பயறளவில் கட்டியான கூடுகள் இருக்கும், வித்திகள் அவற்றுக்குள். குளம் வற்றிச் சேறு காய்ந்தாலும் அந்தக் கூடு ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பெயரில் ஒட்டிக்கொண்ட புளியாரைக்கும் இதற்கும் உறவே இல்லை.

இவர்களில் யார் சொல்வது சரி? எல்லாரும்தான். கேட்கும் கேள்விக்கேற்ற வகை கிடைக்கிறது. தொல்காப்பியம் வெளியே வைரம் கொண்டதைப் புல் என்றும், உள்ளே வைரம் கொண்டதை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். வெட்டிப் பார்த்தவன் வகுத்த வகை அது! இன்றைய தாவரவியலும் தென்னையை நெல்லோடு ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைத்திருக்கிறது.

அப்படியானால் உறவுமுறை பார்த்து வகுப்பதில் என்ன கூடுதல் லாபம்? ஒன்றில் கண்டதை அதன் உறவிலும் தேடலாம். 1860இல் மெல்பேர்ணிலிருந்து அவுஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட பேர்க், வில்ஸ் குழுவினர் திரும்பும் வழியில் உணவின்றி, ஆரையின் சாதியைச் சேர்ந்த நார்டூவின் கூடுகளை இடித்துத் தின்றார்கள். வயிறு நிறைந்தது, உடல் மெலிந்தது. 1861இல் இருவரும் இறந்தார்கள். நார்டூவில் விற்றமின் பி1ஐ அழிக்கும் நொதியம் உண்டு. அதைப் பதப்படுத்தும் முறை அங்குள்ள யந்த்ருவந்தா மக்களுக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சாவுக்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். அவர்களுடன் வந்து, பின் அந்த மக்களோடு தங்கிய கிங் என்பவர் மட்டும் பிழைத்தார்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆரைச் சுண்டலை ஒதுக்க வேண்டாம். நாம் தின்பது இலை, அதுவும் வேகவைத்து. ஆனால் நம் ஆரையிலும் அந்த நொதியம் உண்டா என்று ஓர் ஆய்வாளர் கேட்கத் தோன்றுவதே, இரண்டையும் ஒரே சாதியில் வைத்ததால்தான். பரீட்சைக்குக் குடும்பப் பெயர்களை மனனம் செய்யும் பிள்ளைகளுக்கு இந்தக் காரணத்தை யாரும் சொல்வதில்லை. பெரிய குறை அது.

கீரை ஆயும்போது பாருங்கள்: மூன்று இலையும் மஞ்சள் பூவும் என்றால் புளியாரை, நாலு இலை, பூவே இல்லை என்றால் ஆரை. அடுத்த கிழமை, இலங்கையில் காலே வைக்காமல் 1747இல் இலங்கைத் தாவரங்களுக்கு நூல் எழுதிய லின்னேயஸ்.